ஒன்பதா, நாற்பதா

அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் உன் கறுப்புப் பெட்டி இருந்தது. பூட்டைத் திறந்ததும் அந்த வாசனை வந்துவிட்டது. கறுத்துப்போன வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றியதுபோல இருக்கிறது என்று சொன்னவள் நீதான். அதற்கு முன் எனக்கு அது வெறும் எண்ணெய் நாற்றம். நீ சொன்ன பிறகு வாழைப்பழம் இல்லாமல் அதை முகர முடியவில்லை.

உள்ளே துப்பாக்கி, தோட்டா நிரப்பும் நான்கு மேகசின்கள், உன் பழைய நைட்டித் துணியில் சுற்றிய ஒரு குழல். துணியைப் பிரிக்கவில்லை. துப்பாக்கிக்குள் எது இருக்கிறது, துணிக்குள் எது இருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். கடைசியாக மாற்றி வைத்தவள் நான்.

தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில், எண்ணெய்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் நம் அலுவலகத்தில், நீ எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தாய். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாகர்கோவில்காரி. புறநகரான கேட்டியில் நான் வீடு பிடித்த அதே குடியிருப்பில் நீயும் இருந்தாய். நான் கோபிக்காரிக்கு உரிய மரியாதையோடு "அக்கா, வாங்க, போங்க" என்றேன். ஒரு மாதம் பொறுத்துக்கொண்டாய். பிறகு லிஃப்டில் வைத்து, "எட்டி, அக்கா தங்கச்சியெல்லாம் எனக்கு ஊர்ல ஒரு பஸ்சு நெறைய இருக்கு. இங்க ஒரு ஆளு போதும். நீன்னே சொல்லு" என்றாய். அன்றிலிருந்து நீ.

கீழ்த்தளத்து வீட்டில் பட்டப்பகலில் யாரோ பூட்டை உடைத்த பிறகுதான் நீ துப்பாக்கி வாங்கினாய். காவல்துறை பயன்படுத்திவிட்டுக் கழித்த பழைய பிஸ்டல். நாற்பது என்று நாம் சொன்ன பெரிய தோட்டா அதில் போகும். கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டுப் பதக்கம் வாங்கியவள் நீ. உனக்குப் பயம் இல்லை. எனக்கு இருந்தது. அதைவிடப் பெரிய தடையும் இருந்தது: உன்னிடம் கிரீன் கார்டு, என்னிடம் வேலை விசா. விசாக்காரி துப்பாக்கியைத் தொட வேண்டுமானால் கையில் வேட்டை உரிமம் இருக்க வேண்டும் என்று நீதான் எங்கோ படித்துக் கண்டுபிடித்தாய். முட்டைகூடச் சாப்பிடாத என்னை விளையாட்டுச் சாமான் கடைக்கு இழுத்துப் போனாய். மான், வாத்து, காட்டுப் பன்றி எல்லாம் சுட எனக்கு டெக்சஸ் அரசு அனுமதி கொடுத்தது. அந்தத் தாளை உன் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாய்.

சனிக்கிழமை காலைகள் அப்படி ஆரம்பித்தன. நெல்வயல்கள் இன்னும் மிச்சமிருக்கும் மேற்குப் பக்கத்தில், திறந்தவெளிச் சுடுதளம். துப்பாக்கி உன் பொறுப்பு, தோட்டா என் பொறுப்பு. தோட்டாக் கடை நான் காய்கறி வாங்கும் கடைக்கு அடுத்ததாக இருந்ததால் அப்படி ஆயிற்று. வெள்ளிக்கிழமை மாலை வாங்கிவந்து, என் வீட்டிலேயே மேகசின்களை நிரப்பி வைப்பேன். கட்டைவிரல் நகம் வலிக்கும். பத்து மணிக்குள் சுட்டு முடித்துவிட்டு, திரும்பும் வழியில் தோசை. ஊரில் வீட்டிலிருந்து யாராவது கேட்டால் நாம் லைப்ரரிக்குப் போயிருந்தோம்.

ஒரு ஜனவரி சனிக்கிழமை, தோசைக் கடைக் காகிதக் கைக்குட்டையில் படம் போட்டு எனக்கு அதை விளக்கினாய். துப்பாக்கியின் மேல்பாகம், முன்னும் பின்னும் நகரும் அந்த ஸ்லைடு, அப்படியே இருக்கும். அதற்குள் இருக்கிற குழலை மட்டும் எடுத்துவிட்டு வேறு குழல் போடலாம். வெளியளவு அதே அளவு, அதனால் கச்சிதமாக உட்காரும். உள்துளை மட்டும் சிறியது. நாற்பது என்பது அங்குலத்தில் நூறில் நாற்பது பங்கு, மில்லிமீட்டரில் பத்து; அந்தப் பத்து போகிற இடத்தில் ஒன்பது. சுவர் தடிமனாவதால் குழல் கொஞ்சம் கனக்கும், உதை குறையும். மேகசினையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். திருகாணி கிடையாது, கருவி கிடையாது, ஒரு நிமிட வேலை. பெரியதிலிருந்து சிறியதற்குப் போகலாம், சிறியதிலிருந்து பெரியதற்கு முடியாது, ஏனென்றால் சுரண்டி எடுக்க அங்கே இரும்பு இருக்காது என்றாய்.

"ஒரே ஒரு மில்லிமீட்டர்ட்டி. அதுக்குள்ள எவ்வளவு வித்தியாசம் பாரு."

நானும் நீயும் நாள் முழுக்க வால்வுகளின் அளவுகளைப் பார்க்கிறவர்கள். அதை ஒரு எஞ்சினியரின் மகிழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது, ஆனால் எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்று கைக்குட்டையைக் கசக்கிச் சட்னிக் கிண்ணத்தில் போட்டாய். நீ எதையோ சொல்ல வந்து திரும்பிப் போனாய் என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு உனக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை முடிந்து, மருந்து ஏற்றி, சரியாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டியிருந்ததால் எனக்குச் சொன்னாய். உன் அம்மாவுக்கு எல்லாம் முடிந்து முடி வளர்ந்த பிறகே சொன்னாய். அப்பா இல்லாத வீடு, அம்மாவுக்கு ரத்த அழுத்தம், தம்பி துபாயில். உன் பக்கத்தில் காரணங்கள் இருந்தன. ஆனால் அம்மா உன்னோடு மூன்று வாரம் பேசவில்லை. பேசியபோது ஒரே ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்: இனி ஒன்றையும் மறைக்கக் கூடாது.

மார்ச்சில் அந்தச் சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல நான் முதலில். உன்னிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, என் மேகசினைச் செருகி, ஸ்லைடை விட்டேன். முக்கால் தூரம் வந்து நின்றுவிட்டது. மூடவில்லை. குழல் முனை எதிரே குண்டைத் தாங்கும் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, விரலை வெளியே வைத்து, மேகசினை உருவிவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ பின்னால் பெஞ்சில் காப்பிக் குவளையோடு உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தில் இருந்தது குழப்பம் இல்லை. உனக்கு உடனே புரிந்துவிட்டது.

ஆரஞ்சுச் சட்டைப் பெரியவர், சுடுதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர், வந்து வாங்கிப் பார்த்தார். மேலே ஸ்லைடில் நாற்பது என்று எழுதியிருக்கிறது, உள்ளே குழலில் ஒன்பது என்று இருக்கிறது, உங்கள் கையில் நாற்பது இருக்கிறது என்றார். பெரிய தோட்டா சிறிய துளைக்குள் போகாது, அதனால் பிழைத்தோம். மறுபக்கமாக மாறியிருந்தால் சின்னது பெரிய துளைக்குள் ஆடிக்கொண்டு போய் வெடித்திருக்கும் என்றும் சொன்னார். நீங்கள் இருவரும் எஞ்சினியர்கள் என்று சொன்னீர்களே என்று வேறு கேட்டார். நீ சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காரில் ஏறியும் நீ சாவியைப் போடவில்லை. எப்போது வாங்கினாய் என்று கேட்டேன். பிப்ரவரியில் என்றாய். இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, தனியாக வந்து சுட்டுப் பார்த்திருக்கிறாய். திரும்ப மாற்றி வைக்க மறந்திருக்கிறாய். எதையும் மறக்காத நீ.

"எதுக்கு வாங்குன?"

"நாற்பது உதைக்குது. தாங்க முடியல."

"இவ்வளவு நாள் தாங்குச்சே."

கையைத் தொடையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாய். "விரல்நுனி மரத்துப்போவுது. ராத்திரி எலும்பு குத்துது. திரும்ப வந்துட்டுட்டி. எலும்புல."

ஜனவரியிலிருந்து உனக்குத் தெரிந்திருக்கிறது. புது மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். வாடகைக் காரில் போய் வந்திருக்கிறாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கத்த வராது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இருக்கட்டும் என்று நினைத்ததாக நீ சொன்னாய். என்னிடம் சொல்லிவிட்டால் நான் துப்பாக்கியைப் பார்க்காமல் உன் கையையே பார்ப்பேனாம். உண்மைதான். அன்றைக்கே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

நான்கு நாள் நான் உன் வீட்டுக்கு வரவில்லை. நான் யாரிடமும் எதையும் எளிதில் சொல்கிறவள் இல்லை. ஒரு புத்தகத்தைத் திறந்து அதற்குள் போய்விடுவேன். அந்த நான்கு நாளும் ஒரே பக்கத்தில் இருந்தேன். ஐந்தாம் நாள் ஒன்பது தோட்டாவில் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். இனி இதையே வாங்குகிறேன், ஆனால் நீ அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

ஈஸ்டர் கழியட்டும் என்றாய். தவக்காலத்தில் அம்மா ஏற்கெனவே ஒருபொழுது இருக்கிறாள், இதையும் கேட்டால் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்றாய். டாக்டர் உனக்கு எவ்வளவு காலம் சொன்னார் என்று கேட்டேன். அவர் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார் என்றாய். உன் மேசையில் இருந்த ரிப்போர்ட்டை நான் படித்தேன். அதுவும் அப்படியெல்லாம் சொல்லவில்லை. ஆனால் எலும்பு, ஈரல் என்று எழுதியிருந்தது. உன் அம்மா ஒருமுறை இங்கே வந்து போனதால் விசா இருக்கிறது என்று நினைவு. நாள் இருக்குமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கில் ஒன்று குறைந்தது.

அந்த வாரங்களில் நமக்குள் ஒரு கேள்வி பழக்கமாயிற்று. நான் உன் கதவைத் தட்டுவேன். "இன்னைக்கு எது?" என்பேன். நீ உள்ளிருந்தே "ஒன்பது" என்பாய், அல்லது "நாற்பது" என்பாய். பெரிய துளைக் குழலைப் போடும் அளவுக்குக் கை இருக்கிற நாள் நாற்பது. இல்லாத நாள் ஒன்பது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வாய். அந்தக் கேள்விக்கு உன்னிடம் வேறு பதிலே கிடையாது. எது என்று கேட்டால் பொய் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அரைமணி நேரத்தில் சுடுதளத்தில் தெரிந்துவிடும். யாருக்கும் சொல்லித்தராத உன் உடம்பை எனக்கு நீ சொன்ன ஒரே மொழி அது. மார்ச் முடிவதற்குள் நாற்பது என்ற பதில் நின்றுபோனது.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கேட்டேன். "நாற்பது" என்றாய்.

முகம் வெளுத்திருந்தது. ஷூ கயிற்றைக் கட்டாமல் உள்ளே செருகியிருந்தாய்.  உன் பையில் நீயே வாங்கிய நாற்பது பெட்டி இருந்தது. சுடுதளத்தில் நீ முதலில் நின்றாய். குழலைப் பார்த்தாய், மேகசினைப் பார்த்தாய், நாற்பது என்று வாய்விட்டுச் சொன்னாய். அந்த மார்ச் தவறுக்குப் பிறகு நாம் இருவரும் அப்படிச் சொல்லித்தான் செருகுவோம். மூன்று முறை சுட்டாய். மூன்றும் அட்டையில் எங்கேயோ பட்டன. பிறகு துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்தாய். கை பிடித்த வடிவத்திலேயே இருந்தது, விரியவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாக நீயே பிரித்தாய். ஆரஞ்சுச் சட்டைப் பெரியவர் எதிர்ப்பக்கம் திரும்பி அட்டைகளை எண்ணுவதுபோல நின்றார்.

அன்றைக்குக் கார் நான் ஓட்டினேன். வாசலைத் தாண்டுவதற்குள், "நிறுத்து" என்றாய். "ஃபோன எடு. அம்மைக்கிப் போடு. எனக்கு அமுக்க வரல."

நாகர்கோவிலில் இரவுச் சாப்பாட்டு நேரம். ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்தபோது நான் இறங்கிக்கொள்ளட்டுமா என்று சைகை செய்தேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் அம்மா எடுத்து, "என்ன மக்களே, இந்நேரம்" என்றார்.

"அம்மா, நான் நல்லா இல்ல."

வேறொன்றும் நீ சொல்லவில்லை. திரும்ப வந்துவிட்டது என்றோ, எலும்பு என்றோ ஒன்றும் இல்லை. அங்கே ஒரு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அழுகை வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ்போட்ட எங்க வச்சேன்னு பாக்கணும்" என்றார் உன் அம்மா.

பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. தம்பி துபாயிலிருந்து வந்து அலைந்து புதியது வாங்கி, பழைய விசாவையும் சேர்த்து எடுத்துக்கொடுத்து விமானம் ஏற்றிவிட ஜூன் நடுவாயிற்று. நீ ஆகஸ்ட் முதல் வாரம் போனாய். ஏழு வாரம். ஈஸ்டரை இன்னொரு பண்டிகைக்குத் தள்ளியிருந்தால் எத்தனை வாரம் மிஞ்சியிருக்கும் என்று நான் போட்ட கணக்கை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஏழு வாரத்தில் அம்மா உனக்குத் தலை வாரினார், இல்லாத முடிக்கு எண்ணெய் தேய்த்தார், கேட்டியின் கொரியன் கடையில் சாளை மீன் கண்டுபிடித்துப் பொரித்தார். நீ ஒரு துண்டு தின்றாய். ஒரு நாள் சமையலறையில் என்னிடம், உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். மார்ச் என்றேன். "எனக்கு முந்தி ஒனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது என்னிடம் இருக்கிறது. அழைத்துச் சொல்லியிருக்கலாம் நான், எண் இருந்தது. என் அம்மை, என் வாய் என்று நீ சொன்னதை மதித்தேன். இப்போது அது மதிப்பா, என் கூச்சமா என்று எனக்கே தெரியவில்லை.

நான் படுக்கை அறைக் கதவில் நின்று, எது என்று கேட்பதையும், நீ ஒன்பது என்பதையும் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன மனக்கணக்கா என்றார். நாம் இருவரும் சிரித்தோம், சொல்லவில்லை. கடைசி வாரம் ஒருமுறை நீ, "ஒன்பதும் இல்ல" என்றாய். நான் உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு, சாமான்களைப் பிரிக்கும்போது அம்மா இந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பயப்படுவார் என்று நினைத்தேன். மேசையில் ஸ்லைடை உருவி, குழலை எடுத்து, இன்னொன்றையும் அதன் பக்கத்தில் வைத்தேன். அந்த ஒன்பதுக் கதையையும் சொன்னேன். அவர் இரண்டையும் தூக்கிப் பார்த்து, கனத்ததைக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதான் அவளுக்கு உள்ளதா?"

"ஆமாங்கம்மா. கடைசில இதுதான்."

"நான் கொண்டு போவலாமா?"

விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்றேன். உள்ளே போடுவானா என்று கேட்டார். போட்டாலும் போடுவார்கள் என்றேன். "அப்ப வேண்டாம்" என்று உன் நைட்டியைக் கிழித்து அவரே சுற்றிக் கொடுத்தார். தம்பி ஃபோனில், துப்பாக்கியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். நாற்பதை உள்ளே போட்டு மூடி வைத்தேன். ஒவ்வொரு வருடமும் மான் சுட அனுமதி வாங்கிக்கொண்டு, அதற்கு எண்ணெய் மட்டும் போட்டுவந்தேன்.

அட்டைப்பெட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. எனக்கு வேலை போய்விட்டது. நம் பிரிவையே மூடிவிட்டார்கள். விசாவில் அறுபது நாள் தருகிறார்கள், பதினாறு போய்விட்டது. வேறு வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். துப்பாக்கியை நாளை முறைப்படி கடையில் கொடுத்துவிடப் போகிறேன், இரண்டு குழலோடும். ஆரஞ்சுச் சட்டைப் பெரியவர் நேர்மையான கடை ஒன்றைச் சொன்னார். எனக்கும் விமான நிலையம் இருக்கிறதே. ஆக, உன் சாமானில் என்னிடம் எதுவும் மிஞ்சாது.

பதினாறு நாளாக என் அம்மா கோபியிலிருந்து தினமும் கேட்கிறார், வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று. போவுதும்மா என்கிறேன். ஏதாவது கிடைத்த பிறகு சொல்லலாம், அதற்குள் ஏன் அவரைப் பதறவைக்க வேண்டும் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல காரணம். அதை எங்கே கேட்டிருக்கிறேன் என்று இந்தப் பெட்டியைத் திறந்த பிறகே உறைத்தது.

எழுதுவதை நிறுத்திவிட்டு இப்போதுதான் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். சாப்டயா கண்ணு என்றார், வேலை எப்பிடிப் போவுது என்றார்.

"வேலை போயிருச்சும்மா. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. நான் நல்லா இல்லம்மா."

இந்த வாக்கியத்தை நான் உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். உன் காரில், என் சட்டைக் கையை நீ பிடித்திருக்கக் கேட்டது. இத்தனை புத்தகம் படித்தும் எனக்குச் சொந்தமாக வராத வாக்கியம்.

அங்கே அடுப்பில் தாளிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"இரு கண்ணு. அடுப்ப அணைச்சுப்போட்டு வர்றேன்" என்றார். சத்தம் நின்றது. நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது. "இப்பச் சொல்லு. முதல்ல இருந்து சொல்லு."